காவலர் வண்டியை நிறுத்தினால் என்ன காட்டுவது, என்ன கேட்டு வாங்குவது

கை காட்டியதும் இடதுபுறம் ஒதுங்கி இன்ஜினை அணையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 130-ன்படி, சீருடையிலுள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியே ஆகவேண்டும். டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் திறந்து காட்டலாம். பலர் சறுக்குவது இங்கேதான்: கேலரியில் கிடக்கும் போட்டோ செல்லாது.

உரிமத்தைப் பறிமுதல் செய்தால், பிரிவு 206-ன்படி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தரவேண்டும். அதை வாங்காமல் நகராதீர்கள். உரிமம் திரும்பக் கிடைக்கும்வரை, அல்லது சீட்டில் தேதி குறித்திருந்தால் அதுவரை, எது முந்தையதோ அதுவரை வண்டி ஓட்ட அந்தச் சீட்டுதான் அனுமதி; ஆனால் குடித்து ஓட்டுதல், அதிவேகம் போன்ற குற்றங்களுக்காகப் பறித்திருந்தால் அந்தச் சீட்டை வைத்து ஓட்ட முடியாது.

மூச்சுப் பரிசோதனைக்கு மறுக்க வேண்டாம். குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் மறுத்தவரைக் கைது செய்யலாம். வரம்பு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்.

அபராதம் என்றால் சலான் கேளுங்கள். வண்டி எண், பிரிவு, நேரம் மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள்.