ரஃப் கட் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வதில் நாம் விடுகிற பிழைகள்

ரஃப் கட், அதாவது காட்சிகளை முதல் தடவை கோர்த்துப் பார்க்கிற வரைவு, ஓடி முடிந்ததும் எடிட் அறையில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்க மாட்டார்கள். பிறகு யாராவது ஒருவர் "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏதோ ஒண்டு குறையுது" என்பார், மற்றவர்களும் தலையாட்டுவார்கள். கொழும்பில் தமிழ் நிகழ்ச்சி செய்கிறவர்களின் வட்டம் சின்னது, இன்றைக்கு நீங்கள் குறை சொன்னவரோடு அடுத்த வருடம் இன்னொரு அலைவரிசையில் ஒரே மேசையில் இருக்க வேண்டி வரலாம், அதனால் இப்படிப் பூசி மெழுகுவது எனக்கு விளங்குகிறது. ஆனால் எடிட்டருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. நம்முடைய ஒளிபரப்பில் ஒரு விநாடிக்கு 25 பிரேம், 22 நிமிட எபிசோட் என்றால் 33,000 பிரேம். அந்த "ஏதோ"வை அவர் எங்கே போய்த் தேடுவது? திரையில் ஓடுகிற நேரக் கணக்கான டைம்கோடைப் பார்த்து, "6:40இல் எனக்குக் கவனம் போய்விட்டது, 8:15இல்தான் திரும்பி வந்தேன்" என்று சொல்லுங்கள். ஏன் போனது என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, எங்கே போனது என்பதே பெரிய உதவி.

இதைவிடப் பெரிய பிழை, என்ன நடந்தது என்று சொல்லாமல் நேரே திருத்தத்தைச் சொல்வது. சில வருடங்களுக்கு முன் கொழும்பு ஆடிவேல் தேர்த் திருவிழா பற்றி ஒரு அரைமணி நேர நிகழ்ச்சி செய்தோம். செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்பட்டுப் பம்பலப்பிட்டிக்குப் போகிறவரை ஒரு முதியவரின் பின்னால் கமெரா நடக்கும். பார்த்த மூத்த தயாரிப்பாளர் ஒருவர் "மியூசிக்கை மாத்துங்க" என்றார். மாற்றினோம். திரும்பவும் "இன்னும் சரியில்லை" என்றார். மூன்று முறை மாற்றி, மூன்று நாள் போய், கடைசியில் நான் பொறுக்க முடியாமல் "சேர், அந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டேன். "இந்த ஐயா யார் எண்டே தெரியேல்லை, நான் ஏன் இவருக்குப் பின்னால போகணும்?" என்றார். அவருடைய பெயரும் அவர் எத்தனை வருடமாக அந்தத் தேரோடு நடக்கிறார் என்பதும் ஆறாவது நிமிடத்துக்குப் பிறகுதான் வந்தன. அதை முன்னால் கொண்டுவந்து போட்டோம், முதலில் இருந்த இசையே பொருந்திவிட்டது. அந்த சேர் உணர்ந்தது முழுக்க உண்மை, அவர் சொன்ன திருத்தம்தான் பிழை. கருத்துச் சொல்கிறவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும், எனக்கும் நடந்திருக்கிறது. ஆகவே முதலில் உங்களுக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள். யோசனை இருந்தால் அதற்குப் பிறகு சொல்லலாம்.

மொழி விஷயத்தில் இது இன்னும் மோசமாகும். மலையகத்துப் பாத்திரம் ஒன்று "வர்றேன்" என்று சொன்னதும், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவர் ஸ்கிரிப்டில் "இது இந்திய சீரியல் தமிழ், வாறன் எண்டு போடுங்கோ" என்று எழுதிவிடுவார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயன் வீட்டுப் பிள்ளை அப்படித்தான் கதைக்கும் என்று சொல்ல அந்த அறையில் பல நேரம் ஆள் இருப்பதில்லை. இப்படித் திருத்தித் திருத்தித்தான் நம்முடைய நாடகங்களில் எல்லோரும் ஒரே ஊர்க்காரர் போலக் கதைக்கிறார்கள், எனக்கு இதில் உண்மையாகவே மனவருத்தம் உண்டு. அதற்காக மொழி பற்றி வாயே திறக்கக்கூடாது என்று இல்லை. "அப்பா பேசினார்" என்றால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அப்பா ஏசினார் என்று அர்த்தம், மலையகத்தில் சும்மா கதைத்தார் என்று அர்த்தம். அந்த வசனத்தில் "எனக்கு அப்பா கோபப்பட்டதாக விளங்கியது" என்று ஒருவர் சொன்னால் அது அருமையான கருத்து. வசனத்தை வைப்பதா மாற்றுவதா, அல்லது நடிகரின் முகத்தை ஒரு விநாடி கூடுதலாகக் காட்டுவதா என்று எழுத்தாளரும் இயக்குநரும் பார்த்துக்கொள்வார்கள்.

எந்தக் கட்டத்தில் பார்க்கிறீர்கள் என்று கேட்காமல் கருத்துச் சொல்லத் தொடங்குவதும் பிழை. ரஃப் கட்டில் கலர் சரியில்லை, காலி வீதி ஹோர்ன் கேட்கிறது என்றெல்லாம் எழுத வேண்டாம், அதையெல்லாம் சரிசெய்கிற வேலை பிறகு வரும். ஆனால் வெள்ளவத்தையில் எடுத்த பேட்டியில் ரயில் போன சத்தத்தில் ஒரு சொல்லும் விளங்கவில்லை என்றால் அன்றைக்கே சொல்லுங்கள், திரும்பப் பதிவுசெய்ய நாள் வேண்டும். பிக்சர் லாக் ஆன பிறகு, அதாவது இனிக் காட்சிகளை வெட்டுவதில்லை என்று முடிவான பிறகு, நாலு விநாடியை வெட்டச் சொன்னால், இசையிலிருந்து சிங்கள சப்டைட்டில் வரை எல்லாவற்றையும் இழுத்து வைக்க வேண்டும்.

பெரியவர் முதலில் கதைத்தால் அந்தக் கூட்டம் அதோடு முடிந்தது. சேர் "எனக்குப் பிடிச்சிருக்கு" என்ற பிறகு எந்தத் தம்பி, தங்கச்சி வாய் திறக்கும்? நீங்கள்தான் அங்கே மூத்தவர் என்றால் கடைசியாகக் கதையுங்கள், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப் குழுவில் வொய்ஸ் நோட்டாகக் கருத்து அனுப்புகிற பழக்கமும் வேண்டாம். ஒருவருடைய வேலையில் உள்ள பெரிய குறையை முப்பது பேர் முன்னால் அவர் முதல் தடவை கேட்கக்கூடாது.

கருத்தைக் கேட்டுக்கொள்கிறவர் பக்கத்துக்கு வந்தால், எல்லோரும் விடுகிற பிழை விளக்கம் சொல்வது. அன்றைக்கு மழை, கமெரா ஒன்றுதான் கிடைத்தது, அந்த அம்மா அதற்கு மேல் கதைக்க மறுத்துவிட்டார். எல்லாம் உண்மைதான், ஆனால் கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்து பார்க்கிற குடும்பத்துக்குப் பக்கத்தில் இருந்து நீங்கள் இதைச் சொல்லப்போவதில்லையே. கொப்பியில் எழுதுங்கள், விளங்காவிட்டால் "எந்த இடத்தில்?" என்று மட்டும் கேளுங்கள். மறுபக்கம், சொன்னதையெல்லாம் செய்து முடிக்கிற பிழையும் இருக்கிறது. ஏழு பேர் ஏழு விதமாகச் சொன்னதைச் சேர்த்துத் தைத்தால் அது ஒருவருடைய நிகழ்ச்சியாகவும் இருக்காது. முடிவெடுப்பவர் யார் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். மூன்று பேர் மூன்று வேறு காரணம் சொல்லி ஒரே இடத்தைக் காட்டினால், அந்த இடத்தில் ஏதோ பிரச்சினை இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ரஃப் கட் பார்த்த அதே ஆட்களையே திருத்திய பிறகும் பார்க்கச் சொல்கிறோம். அவர்களுக்குக் கதை ஏற்கனவே தெரியும், அந்த ஐயா யார் என்றும் தெரியும், ஆகவே இப்போது எல்லாம் விளங்குகிறது என்றுதான் சொல்வார்கள். நான் இரண்டு பேரைக் கடைசி வரை ஒன்றும் காட்டாமல் ஒதுக்கி வைப்பேன், தேநீர்க் கடையில் நின்று கதைக்கும்போதுகூட அவர்களிடம் கதையைச் சொல்ல மாட்டேன்.