வீட்டுக் குழாய்க் கசிவுகளைக் கண்டறிந்து நாமே சரிசெய்யும் முறை

சொட்டும் குழாயின் அடியில் 250 மி.லி. கொள்ளும் டம்ளர் ஒன்றை வைத்து, அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். கால் மணி நேரத்தில் நிரம்பினால் மணிக்கு 1 லிட்டர், நாளொன்றுக்கு 24 லிட்டர், ஆண்டுக்கு 8,760 லிட்டர் தண்ணீர் வீணாகிறது என்று பொருள். பல வீடுகளில் இதற்குக் காரணம் தேய்ந்துபோன ஒரு சிறிய ரப்பர் வாஷர்தான் என்பதால், பிளம்பரை அழைக்கும் முன் நாமே முயன்று பார்க்கலாம்.

கசிவு இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

கண்ணுக்குத் தெரியும் சொட்டைவிடத் தெரியாத கசிவே அதிகத் தண்ணீரைக் கொண்டுபோகும். இரவு படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் வழியையும் அடைத்துவிட்டு, நீர்மட்டத்தை ஒரு குச்சியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எவரும் தண்ணீரைத் தொடும் முன் மீண்டும் அளக்க வேண்டும். ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் மட்டம் 1 செ.மீ. இறங்கியிருந்தால் ஏறத்தாழ 8 லிட்டர் போயிருக்கிறது. மறுநாள் இரவு தொட்டியிலிருந்து கீழே இறங்கும் குழாயின் வால்வையும் மூடிவைத்து அளந்தால், குற்றம் தொட்டியிலா, குழாய்களிலா என்பது தெளிவாகிவிடும். தண்ணீர் மீட்டர் வழியாக நேரடி இணைப்பு உள்ளவர்கள், எல்லாக் குழாய்களும் மூடியிருக்கையில் மீட்டரின் எண்கள் நகர்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

சொட்டும் குழாய்

சொட்டு நிற்கவில்லையென்று கைப்பிடியை மேலும் மேலும் இறுக்குவதே பெரும்பாலோர் செய்வது. அவ்வாறு இறுக்க இறுக்க வாஷர் நசுங்கி விரைவில் கிழியுமே தவிர, கசிவு தீராது.

முதலில் அந்தக் குழாய்க்குரிய வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடித்துவிடுங்கள். கழுவுதொட்டியின் வடிகால் துளையைத் துணியால் அடைத்துவிடுவது நல்லது. கழற்றும் திருகு உருண்டு அதற்குள் விழுந்தால், ஐந்து நிமிட வேலை அரை நாள் வேலையாகிவிடும். கைப்பிடியின் மேலுள்ள சிறு மூடியை நெம்பி எடுத்து, உள்ளிருக்கும் திருகை அகற்றினால் கைப்பிடி கையோடு வரும். அதன் கீழுள்ள நட்டின் மீது துணியைச் சுற்றி, ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றினால், ஸ்பிண்டில் (கைப்பிடியோடு சுழலும் தண்டு) முழுமையாக வெளியே வரும்.

ஸ்பிண்டிலின் அடிநுனியில்தான் வாஷர் இருக்கிறது. பழைய வாஷரில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருப்பதைக் காணலாம். அதே அளவும் அதே தடிமனும் உள்ள புதியதைப் பொருத்துவதற்கு முன், குழாயினுள் வாஷர் அமரும் இடத்தை விரல் நுனியால் ஒருமுறை தடவிப் பாருங்கள். அங்கே சொரசொரப்போ அரிப்போ இருந்தால், எத்தனை வாஷர் மாற்றினாலும் சில வாரங்களில் மீண்டும் சொட்டத் தொடங்கும். குழாயையே மாற்றிவிடுவதுதான் சிக்கனம். பொருத்தி முடித்தபின் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும்.

கால் சுற்றில் திறந்து மூடும் குழாய்களில் வாஷருக்குப் பதிலாகப் பீங்கான் தகடுகள் கொண்ட கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதில் மணல் துகள் சிக்கியிருந்தால் கழுவினாலே சரியாகலாம். இல்லையேல் பழையதைக் கையோடு எடுத்துச் சென்று, கைப்பிடி பொருந்தும் தண்டிலுள்ள பற்களின் எண்ணிக்கை உட்பட ஒத்துப்பார்த்து வாங்குங்கள். நுனியில் சொட்டாமல், குழாய் திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியின் அடியில் நீர் கசிந்தால், அங்குள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பார்ப்பதே முதல் வேலை.

ஃப்ளஷ் டேங்க்

இதன் கசிவு ஓசையின்றி நடப்பதால் மாதக்கணக்கில் தெரியாமலே போய்விடும். தொட்டியின் நீரில் உணவு நிறமியைச் சில சொட்டுகள் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருங்கள். கழிப்பறைக் கோப்பையில் நிறம் தெரிந்தால் கசிவு உறுதி.

உள்ளே இரண்டு இடங்களில் ஒன்றில்தான் பழுது இருக்கும். நீர்மட்டம் ஏறி உபரிநீர்க் குழாயின் வாய்க்குள் வழிந்துகொண்டிருந்தால், மிதவையின் திருகைச் சரிசெய்து, மட்டம் அந்த வாய்க்கு 2 அல்லது 3 செ.மீ. கீழே நிற்குமாறு செய்யுங்கள். மட்டம் சரியாக இருந்தும் கோப்பையில் நிறம் வந்தால், அடியிலுள்ள ரப்பர் அடைப்பான்தான் காரணம். நீர்வரத்தை மூடி, தொட்டியைக் காலிசெய்து, அந்த ரப்பரையும் அது அமரும் விளிம்பையும் படிந்துள்ள உப்புப் போகத் துடைத்துப் பாருங்கள். ரப்பர் விறைத்தோ வளைந்தோ போயிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இணைப்புகளும் குழாய் வெடிப்பும்

மரை உள்ள இணைப்பில் கசிந்தால், கழற்றிப் பழைய டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மரையின் நுனி உங்களை நோக்கியிருக்கப் பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் டெஃப்ளான் டேப்பை இழுத்துப் பிடித்தபடி 8 முதல் 10 சுற்றுகள் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போதே டேப் பிரிந்துவிடும். வெடித்த பிவிசி குழாயில் ரப்பர் பட்டையை வைத்துக் கிளாம்பால் இறுக்குவது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. சுவருக்குள் ஓடும் குழாயில் கசிவு என்று தோன்றினால், உடைக்கும் வேலையைப் பிளம்பரிடம் விட்டுவிடுங்கள்.

கீசரின் பாதுகாப்பு வால்வு நீர் சூடாகும்போது சில சொட்டுகள் வடிப்பது இயல்பு. அதை அடைக்க முயலவே கூடாது. நீர் ஆறிய பிறகும் வடிந்துகொண்டிருந்தால் மட்டுமே அதைப் பழுதாகக் கருத வேண்டும். எல்லாம் முடிந்த அன்றிரவே மேல்நிலைத் தொட்டியின் மட்டத்தை மீண்டும் அளந்து பாருங்கள். இன்னும் இறங்கினால், நிறமிச் சோதனையை மற்றக் கழிப்பறைகளிலும் செய்யத் தொடங்கலாம்.