பல நாள் கராத்தே முகாம்: கீழ்நிலை பெல்ட் மாணவர் தயாராவது எப்படி?

வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒன்றரை மணி நேரம் மட்டும் பயிற்சி செய்து பழகிய உடல், பல நாள் கராத்தே முகாமில் ஒரே நாளில் இரண்டு அல்லது மூன்று அமர்வுகளைத் தாங்க வேண்டியிருக்கிறது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அதையே மீண்டும் செய்ய வேண்டும். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு பெல்ட் அணிந்தவர்கள் பலர் இதை எண்ணியே தயங்கி, இன்னும் இரண்டு தேர்வுகள் முடியட்டும் என்று தள்ளிப் போடுகிறார்கள். அப்படித் தள்ளிப் போட வேண்டியதில்லை. முகாமை நடத்தும் ஆசிரியருக்கு உங்கள் பெல்ட்டின் நிறம் தெரியும். அந்த நிலைக்குரிய நேர்த்திக்கு மேல் அவர் எதிர்பார்க்கப் போவதில்லை. கடைசி நாளின் கடைசி அமர்விலும் கவனம் சிதறாமல், புதிதாக ஒன்றைக் கற்கும் நிலையில் நீங்கள் நிற்க வேண்டும் என்பதே கீழ்நிலை மாணவரின் இலக்கு. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அதற்கான வழிகள்.

முகாமுக்கு நான்கு வாரங்கள் முன்பிருந்தே, இடைவெளி விட்டுச் செய்யும் பயிற்சியை அடுத்தடுத்த நாட்களில் வருமாறு மாற்றிக்கொள்ளுங்கள். நேற்றைய களைப்பு நீங்குமுன் இன்று பயிற்சி செய்வது எப்படி இருக்கும் என்பதை உடல் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் சுமையைக் குறைத்துவிடுங்கள்; அந்த வாரத்தில் கூட்டிக்கொள்ளும் வலிமை எதுவும் முகாமுக்கு உதவாது, களைப்பு மட்டுமே கூட வரும். உங்கள் நிலைக்குரிய கட்டாவை (வகுத்த வரிசையில் தனியே செய்யும் அசைவுகளின் தொடர்), அடுத்த அடி எது என்று யோசிக்காமல் செய்யும் அளவுக்குப் பழகிக்கொண்டு போங்கள். ஒன்று முதல் பத்து வரையான ஜப்பானிய எண்களும் ‘ஹாஜிமே’ (தொடங்கு), ‘யமே’ (நிறுத்து), ‘மவாட்டே’ (திரும்பு) போன்ற கட்டளைகளும் காதில் விழுந்தவுடன் உடல் அசைய வேண்டும். சொல்லின் பொருளைத் தேடிக்கொண்டு நிற்பவர் ஒவ்வொரு முறையும் அரை அடி பின்தங்குகிறார். நூறு பேர் ஒன்றாக நகரும் அரங்கில் அந்த அரை அடி அவரை மேலும் பதற்றப்படுத்துகிறது.

பையில் குறைந்தது இரண்டு கராத்தே உடைகள் இருக்கட்டும். மூன்று இருந்தால் நிம்மதி. கனமான பருத்தி உடை ஓரிரவில் காய்வது அரிது. வியர்வை ஊறிய துணியை மறுநாள் காலையில் மீண்டும் அணிந்தால் கழுத்திலும் அக்குளிலும் தோல் உரியும். ஒருமுறைகூடத் துவைக்காத புது உடையை முகாமுக்கென்று வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அதன் விறைப்பும் அதே தொல்லையைத் தரும். உடையிலும் பெல்ட்டிலும் கைக் காப்புறையிலும் பெயர் எழுதியிருப்பது நல்லது, ஏனெனில் அங்கே எல்லாருடையதும் வெள்ளை. பல் காப்பு, ஒட்டும் மருத்துவ டேப், நகவெட்டி, வாசலில் கழற்றி வைக்க எளிதான செருப்பு, ஒரு சிறு குறிப்பேடு ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, பழைய மூட்டுக் காயம், அன்றாடம் உட்கொள்ளும் மருந்து ஏதேனும் இருந்தால், தொடங்குமுன் பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். அதை மறைப்பதில் வீரம் எதுவும் இல்லை.

புதியவர்களை அதிகம் அச்சுறுத்துவது வரிசையில் எங்கே நிற்பது என்பதுதான். பெரும்பாலான பயிற்சிக் கூடங்களில், முன்பக்கத்தைப் பார்த்து நிற்கும்போது மூத்தவர் வலப்புறக் கோடியிலும் இளையவர் இடப்புறத்திலும் இருப்பார்கள். பல பள்ளிகள் கூடும் முகாமில் பெல்ட் நிறங்களின் வரிசை பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், பக்கத்தில் நிற்பவரிடம் எத்தனையாவது க்யூ (கறுப்பு பெல்ட்டுக்குக் கீழான நிலை) என்று கேட்டு இடத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். க்யூ எண் குறையக் குறைய நிலை உயர்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். இந்தத் தர வரிசையைத் தொன்மையான மரபாக எண்ணிக் கூசுபவர்களுக்கு ஒரு செய்தி: டான் எனும் கறுப்பு பெல்ட் தரத்தை ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1883இல்தான் முதலில் வழங்கினார், கராத்தேயில் ஷோட்டோகான் பள்ளியின் நிறுவனர் கிச்சின் ஃபுனகோஷி அதை எடுத்துக்கொண்டு 1924இல் தம் மாணவர்களுக்கு முதல் டான் தரங்களை அளித்தார். ஓர் ஆசிரியர் பெரிய கூட்டத்தை ஒழுங்காகப் பிரித்துக் கற்பிக்க அது உதவுகிறது. உங்கள் மதிப்பை அளப்பது அதன் வேலை அன்று.

மற்ற ஒழுங்குகள் எளியவை. உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் வணங்குங்கள். தாமதமாகிவிட்டால் வாசலருகே செய்சாவில் (மண்டியிட்டுக் குதிகால்கள் மேல் அமரும் முறை) அமர்ந்து, ஆசிரியர் அழைக்கும்வரை காத்திருங்கள். உடை குலைந்தால் முன்பக்கத்துக்கு முதுகு காட்டாமல், ஆனால் ஆசிரியரின் பார்வையிலிருந்து சற்று விலகித் திரும்பி விரைவாகச் சரிசெய்யுங்கள். மரியாதையோடு ‘ஓஸ்’ என்று சொல்வது சில பள்ளிகளில் கட்டாயம், சிலவற்றில் வழக்கமே இல்லை. முதல் அமர்வில் மூத்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து அதையே செய்தால் போதும்.

இனி, முகாமின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருவோம். முதல் நாள் உற்சாகத்தில் தம்மிடமுள்ள ஆற்றல் முழுவதையும் செலவழித்துவிடுவது கீழ்நிலை மாணவர்களிடம் மிகப் பரவலான பழக்கம். பழக்கமில்லாத உழைப்பினால் வரும் தசை வலி உடனே தெரிவதில்லை. 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் அது உச்சத்தை அடைகிறது. அதனால்தான் முதல் நாள் இரவு நலமாக இருந்தவர் இரண்டாம் நாள் மாலையில் படியிறங்கச் சிரமப்படுகிறார். முதல் நாள் கிஹோன் எனும் அடிப்படைப் பயிற்சியில் ஜென்குட்சு தாச்சியையும் (முன்கால் மடக்கிய நீண்ட நிலை) கிபா தாச்சியையும் (குதிரையில் அமர்ந்தது போன்ற நிலை) உங்களால் இயன்ற மிகத் தாழ்ந்த அளவுக்கு இறக்காமல், இடுப்பும் முழங்காலும் சரியாக இருக்கும் உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் குத்தும்போது முழங்கையையும் உதைக்கும்போது முழங்காலையும் கடைசி எல்லை வரை அடித்து நீட்டாதீர்கள். ஒரு வகுப்பில் இருபது முறை செய்வது முகாமில் பல நூறு முறை ஆகும்போது மூட்டுதான் அந்தக் கணக்கைத் தீர்க்கும். இதைச் சோம்பல் என்று சில மூத்தவர்கள் கருதக்கூடும். ஆசிரியர் இன்னும் தாழ்வாக நில் என்று சொன்னால் மறுக்காமல் தாழ்ந்து நில்லுங்கள். யாரும் சொல்லாதபோது பிறருக்குக் காட்டுவதற்காகத் தாழ வேண்டாம் என்பதே என் கருத்து.

அமர்வுகளுக்கிடையே தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் அருந்துங்கள். வியர்வையோடு உப்பும் போவதால், உணவையும் தவிர்க்காதீர்கள். நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருப்பது முகாமின் இன்பங்களில் ஒன்றுதான். ஆனால் விடியலில் ஓட வேண்டியிருக்கும்போது தூக்கத்துக்கு ஈடாக எதுவும் இல்லை.

பாதங்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பலரையும் வெளியே உட்கார வைப்பவை அவைதான். வெறுங்காலோடு ஒரே இடத்தில் திரும்பித் திரும்பி, முன்பாதம் தரையில் ஊன்றும் பகுதியிலும் பெருவிரலின் அடியிலும் கொப்புளம் எழும். தோல் சூடாக உராய்வது போலத் தோன்றியவுடனே, கொப்புளம் வருமுன், பாதத்தை நன்கு துடைத்து டேப் ஒட்டிவிட வேண்டும். விரலைச் சுற்றி ஒட்டும்போது இரத்த ஓட்டம் தடைபடாதபடி தளர்வாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு இரவும் பாதங்களைக் கழுவி, உலர்த்தி, நகங்களைப் பாருங்கள். நீண்ட நகம் உங்களைவிட உங்களோடு பயிற்சி செய்பவரையே முதலில் காயப்படுத்தும்.

தெரியாத கட்டாவை எல்லாருக்கும் சேர்த்துக் கற்பிக்கும் நேரம் எப்படியும் வரும். அப்போது கைகளை மறந்துவிட்டுக் கால்களை மட்டும் பின்பற்றுங்கள்: எந்தத் திசை, எத்தனை அடி, எங்கே திரும்புகிறார்கள். நடக்கும் பாதை மனத்தில் பதிந்தபின் கைகள் தாமாக வந்து சேரும். இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க முயல்பவர் இரண்டையும் விட்டுவிடுகிறார். முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் நிற்காமல் நடுவில் நில்லுங்கள், ஏனெனில் கட்டா திரும்பும்போது கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும். பெயர்க் குழப்பத்துக்கும் ஆயத்தமாக இருங்கள். கராத்தே ஆசிரியர் ஆங்கோ இட்டோசு ஒக்கினாவாவின் பள்ளி மாணவர்களுக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த ஐந்து பினான் கட்டாக்களை ஃபுனகோஷி ஹெயான் என்று பெயர் மாற்றியபோது, முதல் இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். ஆகவே ஷோட்டோகான் மாணவரின் முதல் கட்டா, பினான் பெயரையே வைத்திருக்கும் ஷிட்டோ ரியூ பள்ளி மாணவருக்கு இரண்டாவது. பக்கத்தில் இருப்பவர் வேறு பக்கம் போனால் அவர் தவறு செய்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இணைப் பயிற்சியில் கறுப்பு பெல்ட் எதிரே வந்து நிற்கும்போது பெரும்பாலானோர் செய்யும் பிழை, அச்சத்தாலோ மரியாதையாலோ குத்தை அவர் முகத்துக்குச் சற்று வெளியே செலுத்துவது. அது அவருக்கும் உங்களுக்கும் பயனற்றது, ஏனெனில் அவர் தடுக்க வேண்டிய தாக்குதலே அங்கு இல்லை. சரியான இலக்கை நோக்கி, சரியான தூரத்தில், நீங்களே நிறுத்தக்கூடிய வேகத்தில் குத்துங்கள். வேகம் குறைவாக இருக்கலாம். திசை பொய்யாக இருக்கக் கூடாது. ஐந்தடிக் குமித்தேயில் (ஒருவர் ஐந்து அடி முன்னேறித் தாக்க, மற்றவர் தடுக்கும் பயிற்சி) அவர் பின்வாங்கும் தூரத்தைக் கவனித்தால், உங்கள் அடி எவ்வளவு நீளம் என்பதை அவரே கற்றுத் தந்துவிடுவார். உங்களால் தாங்க முடியாத வேகத்தில் அவர் செய்தால், கையை உயர்த்திக் கொஞ்சம் மெதுவாகச் செய்யலாமா என்று கேளுங்கள். பொறுப்புள்ள மூத்தவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். தலையில் அடிபட்டுத் தலைசுற்றலோ குமட்டலோ மங்கிய பார்வையோ இருந்தால், அந்த அமர்வு மட்டுமல்ல, அன்றைய பயிற்சியே உங்களுக்கு முடிந்தது. மருத்துவரைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம்.

தசை வலியோடு பயிற்சியைத் தொடரலாம். மூட்டில் குத்தும் வலி, வீக்கம், ஒரு காலை ஊன்ற முடியாமை ஆகியவற்றோடு தொடரக் கூடாது. கடும் உழைப்புக்குப் பின் சிறுநீர் தேநீர் நிறத்துக்குக் கறுத்தால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக அது இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அமர்ந்திருக்க நேர்ந்தால் அறைக்குப் போய்ப் படுத்துவிடாமல், ஆசிரியரின் அனுமதியோடு ஓரத்தில் அமர்ந்து பாருங்கள். நின்று செய்யும்போது கண்ணில் படாத இடுப்பு அசைவு, உட்கார்ந்து பார்க்கும்போது தெளிவாகத் தெரியும்.

விருந்தாக வந்த ஆசிரியர் உங்கள் மாஸ்டர் கற்பித்ததற்கு மாறாக ஒன்றைச் சொல்லலாம். எங்கள் கூடத்தில் இப்படித்தான் என்று விளக்கம் சொல்லாமல், முகாம் முடியும்வரை அவர் சொன்னபடியே செய்யுங்கள். திரும்பியபின் உங்கள் மாஸ்டரிடம் செய்து காட்டி, இரண்டுக்கும் காரணம் கேளுங்கள். ஒவ்வொரு இரவும் உங்களிடம் நேரடியாகச் சொல்லப்பட்ட திருத்தங்களை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னவை வேறொரு நாள் மீண்டும் கிடைக்கும், உங்கள் பின்குதிகால் எழுவதை ஒருவர் கண்டு சொன்னது திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

தரைத் துடைப்பு, பாய்களை அடுக்குதல் போன்ற வேலைகள் கீழ்நிலை மாணவர்களிடம் வரும். அழைக்குமுன் எழுந்து செய்யுங்கள். முகாமின் இறுதியில் பெல்ட் தேர்வு நடந்தால், உங்கள் மாஸ்டர் பெயர் கொடுத்திருந்தால் மட்டும் கலந்துகொள்ளுங்கள். நீங்களாகப் போய்க் கேட்பது அவரைச் சங்கடப்படுத்தும். களைத்த உடலோடு தேர்வுக்கு நிற்பவர்கள் முதல் கட்டாவின் முதல் திருப்பத்தையே தவறவிடுவதுண்டு. பெயர் அழைக்கப்படுமுன் ஓரமாக நின்று, கால்களின் பாதையை ஒருமுறை மனத்துக்குள் நடந்து பாருங்கள். வீடு திரும்பியபின் இரண்டு நாள் ஓய்வு எடுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் குறிப்பேட்டின் முதல் திருத்தத்திலிருந்து பயிற்சியைத் தொடங்குங்கள்.