படையை விட்டுக் கல்லூரிக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வருடம் அக்டோபரில் ஒரு தம்பி என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, கதவு கண்ணில் படும்படி போட்டுக்கொண்டார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாமல் டிடி 214, அதாவது அமெரிக்கப் படையிலிருந்து விடுபடும்போது தரும் சேவைச் சான்று. அதற்கு மேலே இன்னொரு கடிதம்.

"அக்கா, போன மாசம் கணக்குப் பாடத்தை விட்டுட்டேன். இப்ப பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி லெட்டர் வந்துருக்கு" என்றார். திருநெல்வேலிப் பேச்சு மாறவே இல்லை.

மாவ்னி திட்டத்தில் படையில் சேர்ந்தவர் அவர். கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காகவும் மருத்துவத் திறனுக்காகவும் படையில் எடுத்துக்கொண்ட திட்டம் அது. 2009-ல் ஆள் எடுக்கத் தொடங்கி 2016-ல் நிறுத்தினார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படிச் சேர்ந்த நம் ஆட்கள் பலர் இப்போது படையை விட்டு வந்து படிக்கிறார்கள். நான் ஒரு கம்யூனிட்டி காலேஜில் முன்னாள் படைவீரர்களின் சேர்க்கையை விஏ-வுக்குச் சான்றளிக்கும் வேலையில் இருக்கிறேன். விஏ என்பது படிப்புக்குப் பணம் தரும் முன்னாள் படைவீரர் நலத்துறை. என் மேசைக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஒரே வகைதான்: உதவி இருக்கிறது, கேட்கத்தான் தாமதம். படையில் எல்லாவற்றுக்கும் உத்தரவு வந்துவிடும். கல்லூரியில் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

முதலில் அந்தத் தம்பியின் தவறைப் பார்ப்போம். வருபவர்களில் அதிகம் பேர் மாட்டுவது இதில்தான்.

பாடத்தைச் சொல்லாமல் விடுவது

ஒரு பாடத்தை நடுவில் விட்டால் மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' விழும். தகுந்த காரணம் காட்டாவிட்டால், அந்தப் பாடத்தை நீங்கள் படிக்கவே இல்லை என்றுதான் விஏ எடுத்துக்கொள்ளும். அதனால் செமஸ்டரின் முதல் நாளிலிருந்தே கணக்குப் போட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கும். அதே பாடத்தை முடிவு வரை படித்து, தேர்வெழுதி, தோற்று 'எஃப்' வாங்கினால் பணம் திரும்பக் கேட்க மாட்டார்கள். பலருக்கு இது நம்ப முடியாத விஷயமாக இருக்கும். அதற்காக எஃப் வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை, சராசரி மதிப்பெண் விழுந்துவிடும். விடுவதற்கு முன்னால் ஒரு நடை வந்து கேளுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

கிரெடிட் என்பது பாடத்தின் அளவைக் குறிக்கும் எண். முதல் தடவை விடும்போது 6 கிரெடிட் வரை விஏ காரணம் கேட்காமல் விட்டுவிடும். ஆயுளில் ஒரு தடவைதான் அந்தச் சலுகை. இந்தத் தம்பி அதை முன்பு படித்த கல்லூரியிலேயே பயன்படுத்தித் தீர்த்திருந்தார். அப்படியானால் காரணம் எழுத வேண்டும். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை. காபி ஊற்றிக் கொடுத்து, ஊரில் எல்லாரும் நலமா என்று பேச்சை மாற்றினேன். அப்போதுதான் வந்தது: அம்மாவுக்குப் பக்கவாதம், பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், செப்டம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்.

"இதை எழுதினீங்களா?"

"அது வீட்டு விஷயம்க்கா. அவங்களுக்கு எதுக்கு?"

நெருங்கிய குடும்பத்தாரின் நோய், மரணம், சொந்த உடல்நலம், தவிர்க்க முடியாத வேலை மாற்றம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் திடீரென்று இல்லாமல் போவது, இவையெல்லாம் விஏ ஏற்றுக்கொள்ளும் காரணங்கள். ஆஸ்பத்திரி சான்றையும் விமான டிக்கெட்டையும் இணைத்து, அரைப் பக்கம் எழுதி அனுப்பினோம். செமஸ்டரின் முதல் நாளிலிருந்து கேட்ட பணம், பாடத்தை விட்ட நாளுக்குப் பிறகான தொகையாகச் சுருங்கியது. இப்படிக் கடிதம் வந்தால் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடாதீர்கள். 30 நாளுக்குள் மறுத்து எழுதினால், முடிவு வரும்வரை பிடித்தத்தை நிறுத்தி வைப்பார்கள்.

வாடகைப் பணத்தைச் சம்பளம் மாதிரி நினைப்பது

இப்போது பெரும்பாலோர் பயன்படுத்துவது 2009 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கும் போஸ்ட் 9/11 ஜிஐ பில் என்ற கல்வி உதவித் திட்டம். 36 மாதம் முழுநேரச் சேவை முடித்தவருக்கு முழுப் பலன். அதாவது 36 மாதப் படிப்புக்கு அரசுக் கல்லூரியில் உள்மாநிலக் கட்டணம் முழுவதும், வருடத்துக்கு 1,000 டாலர் வரை புத்தகப் பணம், அப்புறம் மாதா மாதம் வீட்டு வாடகைப் படி. குறைந்த காலம் இருந்தவருக்குச் சதவீதம் குறையும். 90 நாள் இருந்தாலே 50 சதவீதம் உண்டு.

இதில் வாடகைப் படிதான் ஆளைக் கவிழ்க்கும். வகுப்பு நடக்கும் நாட்களுக்கு மட்டுமே அது வரும், அதுவும் மாதம் முடிந்த பிறகு. டிசம்பர் 12-ல் செமஸ்டர் முடிந்தால் அந்த மாதத்துக்கு 12 நாள் பணம். ஜனவரி 20-ல் அடுத்தது தொடங்கினால் ஜனவரிக்கும் அரைகுறைதான், அது கையில் வர பிப்ரவரி ஆகிவிடும். வீட்டுக்காரர் இரண்டு மாதத்துக்கும் முழு வாடகை கேட்பார். அதனால் ஆகஸ்டிலேயே ஒரு மாத வாடகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

கிரெடிட் எண்ணிக்கையும் முக்கியம். 12 கிரெடிட் முழுநேரம் என்றால் 6 கிரெடிட் சரியாகப் பாதி. பாதிக்கு மேல் இருந்தால்தான் வாடகைப் படியே உண்டு. 6 எடுத்தால் ஒரு காசு வராது, 7 எடுத்தால் 60 சதவீதம் வரும். எல்லாப் பாடத்தையும் ஆன்லைனில் எடுத்தால் தேசிய சராசரியில் பாதிதான் தருவார்கள். அதில் ஒரே ஒரு பாடத்தை வகுப்பில் உட்கார்ந்து படித்தால் கல்லூரி இருக்கும் ஊரின் விகிதமே கிடைக்கும். சான் டியாகோ மாதிரி வாடகை அதிகமான ஊரில் இந்த ஒரு பாடத்தால் மாதத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேலேயே வித்தியாசம் வரும். அப்புறம், மாதக் கடைசியில் 'இன்னும் படிக்கிறீர்களா' என்று போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். 'ஆம்' என்று பதில் போடுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து பதில் போடாவிட்டால் படி நின்றுவிடும்.

பட்டத்துக்குத் தேவையில்லாத பாடத்தை ஆசைக்கு எடுத்தால் அதற்கு நான் சான்றளிக்க முடியாது. ஏற்கெனவே தேர்ச்சி பெற்றதை மறுபடி படித்தாலும் அப்படித்தான். அதனால் படையில் பெற்ற பயிற்சிக்கான ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்டையும், மதுரையிலோ கோவையிலோ முடித்த பட்டத்தின் மதிப்பெண் பட்டியலையும் முதல் நாளே கல்லூரியில் கொடுத்துவிடுங்கள்.

எதை முதலில் செலவழிப்பது

படைச் சேவையால் உடம்புக்கோ மனதுக்கோ பாதிப்பு ஏற்பட்டு விஏ ரேட்டிங், அதாவது பாதிப்பின் அளவைக் காட்டும் சதவீதம், பெற்றவர்களுக்கு, சாப்டர் 31 என்ற தனி மறுவாழ்வுத் திட்டம் இருக்கிறது. ரேட்டிங் 20 சதவீதம் இருந்து, அதனால் வேலைக்குத் தடை இருந்தால் தகுதி உண்டு. தடை கடுமையானது என்றால் 10 சதவீதமே போதும். கட்டணம், புத்தகம், தேவைப்பட்டால் கணினி, ஒரு ஆலோசகர் எல்லாம் அதில் அடங்கும். நம் ஆட்கள் ஜிஐ பில்லை முழுதாகத் தீர்த்துவிட்டு அப்புறம் இதற்கு வருகிறார்கள். அப்படி வந்தால் நஷ்டம்தான். ஜிஐ பில்லில் ஒரு நாளாவது மிச்சம் இருந்தால்தான் சாப்டர் 31-ல் ஜிஐ பில்லின் உயர்ந்த வாடகை விகிதத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். முதலில் 31-க்கு விண்ணப்பியுங்கள், ஜிஐ பில் பத்திரமாக இருக்கட்டும்.

படையில் இன்னும் இருப்பவர்களுக்கு ஒன்று. ஜிஐ பில் பலனை மனைவிக்கோ பிள்ளைக்கோ மாற்றித் தரலாம். ஆனால் சீருடையில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். 6 வருடச் சேவை முடிந்திருக்க வேண்டும், மேலும் 4 வருடம் இருப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியே வந்த பிறகு கேட்டால் நடக்காது. பிள்ளை பள்ளி முடித்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்ட அப்பாக்கள் என் எதிரில் உட்கார்ந்து கண் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். யாராவது ஒரு மகளுக்கு அன்றைக்கே பெயர் எழுதி ஒரு மாதத்தையாவது மாற்றி வைத்திருந்தால், எத்தனை மாதம் என்பதைப் பின்னால் மாற்றிக்கொண்டிருக்கலாம்.

ரிசர்வில், அதாவது பகுதிநேரப் படையில், இருப்பவர்களும் கவனியுங்கள். வார இறுதிப் பயிற்சி நாட்கள் போஸ்ட் 9/11 கணக்கில் சேராது. படையிலிருந்து விடுவித்த வகை, அதாவது டிஸ்சார்ஜ், 'ஜெனரல்' என்று இருந்தாலும் இந்தப் பலன் கிடைக்காது, 'ஹானரபிள்' என்றிருக்க வேண்டும். அதைத் திருத்தக் கோரி விண்ணப்பிக்க வழி உண்டு.

ஜிஐ பில் இருக்கிறதே என்று ஃபாஃப்சா என்ற அரசு நிதியுதவி விண்ணப்பப் படிவத்தை நிரப்பாமல் விடுவது இன்னொரு தவறு. முன்னாள் படைவீரரைப் பெற்றோரைச் சாராதவராகவே கணக்கெடுப்பார்கள், ஜிஐ பில் பணத்தை வருமானத்தில் சேர்க்க மாட்டார்கள். வருமானம் குறைவானவருக்கு 2024-25-ல் பெல் கிராண்ட் என்ற, திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவி 7,395 டாலர் வரை கிடைத்தது. இளங்கலை ஏற்கெனவே முடித்தவருக்கு மட்டும் பெல் கிடையாது. அந்தப் பட்டம் இந்தியாவில் வாங்கியதாக இருந்தாலும் அப்படித்தான்.

விளம்பரத்தைப் பார்த்து லாப நோக்கக் கல்லூரியில் சேர்வதைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. கூட்டாட்சி அரசின் கல்வி உதவிப் பணம் அவர்களின் வருவாயில் 90 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி. ஜிஐ பில் பணத்தை அந்த 90-ல் சேர்க்காமல் பல காலம் விட்டுவைத்திருந்தார்கள். அதனால் படைவீரர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். 2021-ல் சட்டம் திருத்தி அந்த ஓட்டையை அடைத்தார்கள். அதற்கு முன்பே, 2015-ல் கொரிந்தியன் கல்லூரிகளும், 2016 செப்டம்பரில் ஐடிடி டெக்கும் மூடப்பட்டு, படித்துக்கொண்டிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். விஏ தளத்திலேயே கல்லூரிகளை ஒப்பிடும் வசதி இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி அதைப் பாருங்கள்.

காதில் சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பது

சேவையால் வரும் பாதிப்புகளில் விஏ மிக அதிகம் பேருக்கு ரேட்டிங் கொடுத்திருப்பது காது இரைச்சலுக்குத்தான். வகுப்பில் பேராசிரியர் சொல்வது பாதி புரியாமல், நான்தான் மக்கு என்று நினைத்து உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. தூக்கமில்லாமல், கூட்டத்தைக் கண்டால் வியர்த்துப் போகிறவர்களும் உண்டு. கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான அலுவலகம் தனியாக இருக்கிறது. தேர்வுக்குக் கூடுதல் நேரம், அமைதியான அறை, குறிப்பெடுக்க ஆள் என்று ஏற்பாடு செய்வார்கள். விஏ ரேட்டிங் இருப்பது அவர்களுக்குத் தானாகத் தெரியாது, நீங்கள்தான் போய்ப் பதிய வேண்டும். செமஸ்டர் தொடங்கும்போதே பதியுங்கள். எழுதி முடித்த தேர்வுக்குப் பின்னால் போய்க் கேட்க முடியாது.

போர்க்களம் போய் வந்தவர்களுக்கு வெட் சென்டர்கள் என்ற விஏ ஆலோசனை மையங்களில் இலவசமாகப் பேச ஆள் உண்டு. அங்கே சொல்வது நீங்கள் அனுமதி தராமல் பொதுவாக வெளியே போகாது. மனம் தாங்காத இரவில் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

அந்தத் தம்பி கணக்குப் பாடத்தை அடுத்த செமஸ்டரில் எடுத்து முடித்துவிட்டார். முக்கால்வாசி நேரமாவது படிப்பவர்களுக்கு விஏ பகுதிநேர வேலை தருகிறது, அந்தச் சம்பளத்துக்கு வரி கிடையாது. அதில் இப்போது எங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார், எனக்கு அடுத்த மேசை. புதிதாக வருபவர்களிடம் டிடி 214 கேட்பதற்கு முன்னாலேயே, வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுவிடுகிறார்.