கழுத்து ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தால்

நுவரெலியாவில் அம்மாவுக்குக் கழுத்து ஸ்கேன் எடுத்தோம். குளிரில் அந்த ஜெல்லைத் தடவியதும் அவர் துள்ளியதுதான் மிச்சம், ரிப்போர்ட்டில் 50-69% சுருக்கம் என்று பார்த்ததும் பேச்சே நின்றுவிட்டது. பாதி மூளைக்கு ரத்தமே போகவில்லை என்று நினைத்துவிட்டார்.

அப்படி இல்லை. மூளைக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு குழாய்கள் போகின்றன, அடியில் ஒன்றோடொன்று சேர்ந்தும் இருக்கின்றன. லயத்துப் பீலிக்கு வரும் குழாயை நினைத்துப் பாருங்கள், உள்ளே பாசி படிந்தாலும் தண்ணீர் வரும், ஆனால் ஒரு கட்டி பெயர்ந்து வந்தால் கீழே உள்ள சின்னக் குழாய் அடைத்துக்கொள்ளும். இங்கேயும் முக்கியமான பயம் அதுதான். கொழுப்புப் படிவு வெடித்து, அதில் உறையும் ரத்தத் துண்டு மேலே போனால் பாரிசவாதம்.

ரிப்போர்ட்டில் முதலில் ஐசிஏ (ICA, உள் கழுத்துக் குழாய்) என்ற வரியைத் தேடுங்கள், மூளைக்குப் போவது அந்தக் கிளைதான் (ஈசிஏ, அதாவது ECA, வெளிக் கழுத்துக் குழாய், முகத்துக்கும் தலைத் தோலுக்கும் போவது, அதற்கு இவ்வளவு கவலை வேண்டாம்). 50%க்குக் குறைந்தால் லேசான சுருக்கம், 70%க்கு மேல் கடுமையானது. ஆனால் எண்ணை விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: கடந்த ஆறு மாதத்தில் வாய் கோணியதா, ஒரு பக்கக் கை கால் சோர்ந்ததா, பேச்சுக் குழறியதா, ஒரு கண்ணில் திரை விழுந்த மாதிரி இருட்டியதா? பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது என்று விட்டிருப்பீர்கள், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். வலது குழாயில் கோளாறு என்றால் இடது கைதான் சோரும், கண் மட்டும் அதே பக்கம். அறிகுறி வந்து, சுருக்கமும் கடுமையாக இருந்தால் அந்தப் படிவை எடுக்கும் ஆபரேஷனை இரண்டு வாரத்துக்குள் செய்வதுதான் நல்லது.

அறிகுறியே இல்லாத பலருக்கு மாத்திரைதான்: கொழுப்புக்கு ஸ்டாடின், ரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின் மாதிரி ஒன்று, அப்புறம் பிரஷரும் சீனியும் கட்டுக்குள். பீடி, சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை, மூன்றையும் விடவேண்டும். கருவாட்டைக் குறையுங்கள், அம்மா இதற்குத்தான் அழுதார்.

கழுத்தில் தைலம் போட்டு அழுத்திப் பிசைய வேண்டாம்.

திடீரென்று வாய் கோணினால் நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். உறைவைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும், தோட்டத்து ரோட்டில் இறங்கவே அதில் எவ்வளவு போய்விடும் என்று உங்களுக்கே தெரியும்.