டிஸ்க் பிறேக் உரசுகிறதா? கழற்றுமுன் காது கொடுங்கள்

மவுண்டன் பைக்கின் சில்லுப் பக்கம் சத்தம் வந்தவுடன் அலன் கீயைத் தேடாதீர்கள். முதலில் அது என்ன சத்தம் என்று பிரித்துப் பாருங்கள். சைக்கிளைத் தூக்கிப் பிடித்து, சில்லைக் கையால் சுழற்றிவிட்டுக் கேட்டால் போதும்.

"சர்ர்ர்" என்று விடாமல் ஒரே மாதிரி உரசினால், டிஸ்க் தட்டைக் கவ்வும் பேட்களைத் தாங்கும் கலிப்பர் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது, அல்லது உள்ளே பேட்டைத் தள்ளும் ஒரு பிஸ்டன் திரும்பிப் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றுக்கு ஒரு தரம் மட்டும் "சிங்" என்றால் டிஸ்க் தட்டு வளைந்திருக்கிறது. திருகோணமலையில் உவர்மலை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும் உரசினால் பிறேக்கில் பிழை இருக்காது. அச்சு சரியாக இறுகவில்லை, அல்லது சில்லின் நடுவிலுள்ள ஹப் பெயாரிங்கில் ஆட்டம் உண்டு. சில்லின் மேல் விளிம்பைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினால் "டக் டக்" என்று கைக்குத் தெரியும். கோணேசர் கோயிலிலிருந்து கோட்டை வாசலுக்கு பிறேக் பிடித்தபடி இறங்கியபின் கொஞ்ச நேரம் உரசிவிட்டு நின்றுபோகும் சத்தம் சூட்டினால் வருவது. அதை விட்டுவிடலாம்.

எவ்வளவு உரசலாம்?

தட்டுக்கும் பேட்டுக்கும் இடையில் ஒவ்வொரு பக்கமும் இருப்பது மில்லிமீற்றரில் சில பத்தில் ஒரு பங்கு இடைவெளிதான். எனவே மெல்லிய "சிங்" சத்தம் வருவது குற்றமல்ல. கையால் சுழற்றிவிட்ட சில்லு பத்துச் சுற்றாவது தானாக ஓடினால் அப்படியே ஓட்டுங்கள். இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிட்டால் வேலை இருக்கிறது. பின் சில்லு செயினோடும் கியரோடும் சேர்ந்து கொஞ்சம் முந்தி நிற்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.

மாரி காலத்தில், ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, ஈரத்தட்டு சத்தம் போடுவது வழமை. மலிவான தட்டுகளில் மழைக்கு மறுநாள் காலை செம்மஞ்சள் நிறத்தில் துரு படிந்திருக்கும். நாலைந்து தரம் பிறேக் பிடித்தால் அது போய்விடும். அதற்காக துரு போக்கும் ஸ்பிரேயை மட்டும் அடித்துவிடாதீர்கள். எண்ணெய் குடித்த பேட் பிறகு பிடிக்காது, பிடிக்கும்போதெல்லாம் கீச்சிடும், பெரும்பாலும் புதிதுதான் வாங்க வேண்டிவரும். செயினுக்கு எண்ணெய் விடும்போதும் துணியில் தொட்டுப் பூசுங்கள், பீச்சி அடிக்க வேண்டாம்.

கருவி எடுக்குமுன்

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஓடிவிட்டு வந்தால் கலிப்பருக்குள் மணல் இருக்கும். ஒரு வாளி நல்ல தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். பிரஷர் பம்ப் வேண்டாம், அது மணலைப் பெயாரிங்குக்குள் தள்ளிவிடும். பாதி நாட்களில் உரசல் இதோடேயே போய்விடும்.

அடுத்தது சில்லு. பஞ்சர் ஒட்டிப் பூட்டிய பிறகு உரசல் தொடங்கியிருந்தால், சில்லு கோணலாக உட்கார்ந்திருப்பதுதான் காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். சைக்கிளை இரண்டு சில்லிலும் தரையில் நிறுத்துங்கள். குயிக் ரிலீஸ் லீவரைத் திறந்து, ஹாண்டிலையும் சீற்றையும் கீழே அழுத்தி, அச்சு பள்ளத்தில் முழுதாக இறங்கியபின் மூடுங்கள். மூடும்போது உள்ளங்கையில் தடம் பதியுமளவுக்கு இறுக்கம் வேண்டும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பூட்டினால் அச்சு சரியாக இறங்காது.

கலிப்பரை நடுவுக்குக் கொண்டுவருதல்

இனித்தான் கருவி. 5 மி.மீ. அலன் கீ, ஒரு டோர்ச், ஒரு வெள்ளைத் தாள், ஒரு றப்பர் பாண்ட். தாளைக் கலிப்பருக்குக் கீழே பிடித்து, மேலிருந்து ஒற்றைக் கண்ணால் தட்டின் விளிம்பைப் பாருங்கள். தட்டின் இரு பக்கமும் இரண்டு வெளிச்சக் கோடுகள் தெரிய வேண்டும். எந்தப் பக்கம் கோடு இல்லையோ அங்கேதான் உரசுகிறது.

ஹைட்ரோலிக் பிறேக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது) என்றால்:

1. கலிப்பரைச் சட்டத்தோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் அரைச் சுற்று தொடக்கம் ஒரு சுற்று வரை தளர்த்துங்கள். கலிப்பர் கையால் அசைந்தால் போதும், கழன்றுவரக் கூடாது.
2. பிறேக் லீவரை இறுக்கிப் பிடித்து றப்பர் பாண்டால் ஹாண்டிலோடு கட்டுங்கள். பேட்கள் தட்டைக் கவ்வும்போது கலிப்பர் தானாக நடுவுக்கு வரும்.
3. போல்ட்டுகளை மாறி மாறி, தரத்துக்குக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை ஒரேயடியாக இறுக்கினால் அது சுழலும்போது கலிப்பரையும் இழுத்துக்கொண்டு போகும். எல்லாம் சரியாகச் செய்தும் உரசுகிறது என்று சொல்பவர்களில் பலர் பிழைக்கும் இடம் இதுதான்.
4. கடைசி இறுக்கம் 6 முதல் 8 நியூட்டன் மீற்றர். டோர்க் கீ இல்லாவிட்டால், அலன் கீயின் நீளக் கையைப் பிடித்து நன்றாக இறுகுமட்டும் திருப்புங்கள், உடம்புப் பாரத்தைப் போடாதீர்கள்.
5. றப்பர் பாண்டை அவிழ்த்து, சுழற்றி, வெளிச்சக் கோடுகளைத் திரும்பப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் ஒதுங்கி நின்றால், உரசும் பக்கத்துப் பேட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் காட்டைச் செருகிவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள்.

கேபிளில் இயங்கும் பிறேக்குக்கு இந்த வழி அப்படியே ஒத்துவராது. பெரும்பாலானவற்றில் வெளிப்பக்கப் பேட் மட்டுமே நகரும், உள்பக்கப் பேட் நிலையாக நிற்கும். அதனால் முதலில் கேபிள் நுழையும் இடத்திலுள்ள கைத்திருகை (பரல் அட்ஜஸ்டர்) உள்ளே திருகிக் கேபிளைத் தளர்த்துங்கள். கலிப்பர் போல்ட்டுகளைத் தளர்த்தி, உள்பக்கப் பேட்டின் திருகை, ஸ்போக்குகளின் பக்கமிருந்து, தட்டில் தொடுமட்டும் திருப்புங்கள். லீவரைப் பிடித்துக்கொண்டு போல்ட்டுகளை இறுக்குங்கள். பிறகு உள்பக்கத் திருகைச் சத்தம் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குங்கள், கால் சுற்றுக்குக் கிட்ட வரும். கடைசியாகக் கேபிளின் தொய்வை எடுங்கள். உள்பக்கப் பேட் தட்டுக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறதோ அவ்வளவு நல்லது, தூரமாக நின்றால் ஒவ்வொரு தரமும் தட்டு வளைந்துதான் அதைத் தொட வேண்டும்.

சரிசெய்தும் மறுநாள் உரசினால்

ஹைட்ரோலிக்கில் பிஸ்டனைச் சந்தேகியுங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள றப்பர் வளையம் லீவரைப் பிடிக்கும்போது கொஞ்சம் முறுகி, விட்டவுடன் பழையபடி நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும். பேட் தேயத்தேயப் பிஸ்டன் அதிகம் வெளியே நிற்கும். வெளியே நிற்கும் அந்தப் பகுதியில் கடற்காற்றின் உப்பும் தூசியும் காய்ந்து ஒட்டினால் வளையத்தால் இழுக்க முடியாது. ஒருவரை லீவரைப் பிடிக்கச் சொல்லி மேலிருந்து பாருங்கள். ஒரு பேட் நகர்ந்து மற்றது சோம்பி நின்றால் அந்தச் சோம்பேறிதான் குற்றவாளி.

சில்லைக் கழற்றி, பேட்களைப் பிடிக்கும் ஊசியை எடுத்து, பேட்களை வெளியே எடுங்கள். லீவரை மிக மெதுவாக இரண்டு மூன்று தரம் அழுத்தினால் பிஸ்டன் 2 அல்லது 3 மி.மீ. வெளியே வரும். அதற்கு மேல் வேண்டாம். முழுதாக வெளியே விழுந்தால் எண்ணெய் கொட்டிவிடும், பிறகு கடைக்குத்தான் போக வேண்டும். கொட்டன் பட்ஸில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டுச் சுற்றிவரத் துடையுங்கள். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள், சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். பிறகு அந்தப் பிறேக்குக்குரிய எண்ணெயில் ஒரு சொட்டைப் பிஸ்டன் ஓரத்தில் பூசி, ரயர் கழற்றும் பிளாஸ்ரிக் லீவரால் நேராக உள்ளே தள்ளுங்கள். மூன்று நான்கு தரம் வெளியே எடுத்து உள்ளே தள்ளினால் இளகிவிடும். மிச்ச எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் பேட்டைப் போட வேண்டும்.

எண்ணெய் விடயத்தில் ஊகம் வேண்டாம். ஷிமானோ, டெக்ட்ரோ பிறேக்குகளுக்கு மினரல் எண்ணெய். எஸ்ராமின் (SRAM) பல மாடல்களுக்கு டொட் 5.1 (DOT 5.1) என்ற பிறேக் எண்ணெய். ஒன்றுக்குப் பதில் மற்றதை விட்டால் உள்ளே றப்பர் ஊதிக் கெட்டுவிடும். லீவரின் மூடியில் எழுதியிருக்கும், அதைப் பாருங்கள்.

பேட்டைக் கழற்றிய கையோடு கனத்தையும் பாருங்கள். உராயும் பகுதி 1 மி.மீ.க்குக் கிட்ட வந்திருந்தால் புதிது வாங்குங்கள்.

வளைந்த தட்டு

பஸ்ஸில் ஏற்றி இறக்கிய சைக்கிளில்தான் இது அதிகம். இடப்பக்கம் டிஸ்க், வலப்பக்கம் கியர்: எந்தப் பக்கம் படுக்கவைத்தாலும் ஒன்று அடிபடும். நிமிர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

முதலில் தட்டைப் பிடிக்கும் ஆறு திருகும் இறுக்கமா என்று டி25 நட்சத்திரக் கீயால் பாருங்கள். தளர்ந்திருந்தால் எதிரெதிராக இறுக்குங்கள், சுமார் 4 நியூட்டன் மீற்றர். பிறகு சில்லை மெதுவாகச் சுழற்றி, உரசும் இடத்தில் தட்டின் விளிம்பில் மாக்கர் பேனையால் குறியிடுங்கள். எந்தப் பக்கத்துப் பேட்டில் தொடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சில்லு முழுதாக நின்றபின்தான் தட்டில் கை வைக்க வேண்டும். சுழலும் தட்டின் துளைகளில் விரல் போனால் விரலே துண்டாகலாம். பிறேக் பிடித்துவந்த சூட்டோடும் தொடாதீர்கள். அல்ககோல் தொட்டுத் துடைத்த சிறிய அட்ஜஸ்டபிள் ஸ்பனரின் வாயைத் தட்டின் கனத்துக்குச் சரியாக ஒடுக்கி, குறியிட்ட இடத்தைக் கவ்வி, உரசும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மெல்லத் தள்ளுங்கள். முதல் தள்ளலில் ஒன்றும் மாறாததுபோல் இருப்பதே நல்லது. விட்டு, சுழற்றி, பார்த்து, இன்னும் ஒரு பொட்டு. ஒரே மூச்சில் நிமிர்த்தப் போனால் ஒரு வளைவு இரண்டாகும்.

புதுத்தட்டு பெரும்பாலும் 1.8 மி.மீ. கனம். தேய்ந்து 1.5 மி.மீ.க்கு வந்ததை நிமிர்த்திப் பயனில்லை, மாற்றுங்கள்.

புதுப் பேட் அல்லது தட்டுப் போட்டால், உட்துறைமுக வீதி போல மட்டமான இடத்தில் ஆள் குறைந்த காலை நேரத்தில், மணிக்கு 25 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு 20 தரமாவது சீராகக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம், சில்லைச் சறுக்கவும் விடாதீர்கள். பிடி இறுகி வருவது லீவரில் தெரியும். கோணமலை இறக்கத்தில் முதல் ஓட்டத்தை வைத்துக்கொள்ளாதீர்கள், அங்கே மான்கள் குறுக்கே வரும்.