மாதம் நாலு வாழ்த்து அட்டை: லொகேஷன் வேண்டாம், அட்ரஸ் சொல்லுங்க

நான் அனுப்பிய முதல் பொங்கல் வாழ்த்துக்கு அத்தை பத்து ரூபாய் தண்டம் கட்டினார். அம்பாசமுத்திரத்திலிருந்து அன்றைக்கே போன் வந்தது. "ஏல, வாழ்த்துச் சொல்லுததுக்கும் எங்கிட்டயே காசு வாங்குதியே, இது எந்த ஊரு நியாயம்?"

கெட்டி அட்டையில் நானே வரைந்து, மயிலுக்கு ஜிகினா எல்லாம் ஒட்டிச் செய்த கார்டு அது. ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன். எடை கூடினால், குறைகிற தொகையைப் போல இரண்டு மடங்கை வாங்குகிறவரிடம் வசூலிப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது மாதம் நாலு கார்டு தவறாமல் போகிறது. பிறந்தநாள், கல்யாண நாள், புதுவீடு, சில சமயம் ஒரு காரணமும் இல்லாமல். நடுவில் இரண்டு தடவை பழக்கம் விட்டுப்போனது. இரண்டு தடவையும் எழுதச் சோம்பல்பட்டு நிற்கவில்லை. எழுத உட்கார்ந்தால் முகவரி இருக்காது, முகவரி இருந்தால் ஸ்டாம்ப் இருக்காது. அதனால் எழுதுவதைப் பற்றிக் கொஞ்சமாகவும் மற்றதைப் பற்றி நிறையவும் சொல்லப் போகிறேன்.

படி 1: முகவரி நோட்டு

கார்டு வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். "அட்ரஸ் அனுப்புங்க" என்று கேட்டுப் பாருங்கள், பத்தில் ஏழு பேர் வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புவார்கள். அந்தச் சிவப்புப் புள்ளியை வைத்துக்கொண்டு தபால்காரர் என்ன செய்வார்? இன்னும் சிலர் "எதுக்கு? கல்யாணப் பத்திரிகையா?" என்று ஆரம்பிப்பார்கள். கார்டு என்று சொல்லிவிட்டால் பாதி சுவாரஸ்யம் போய்விடும். "நோட்டுல எல்லார் அட்ரஸும் எழுதி வைக்கிறேன், உங்களது மட்டும் இல்லை" என்று கேளுங்கள். பொய்யும் இல்லை. அடுத்த நிமிஷமே வந்துவிடும்.

உட்கார்ந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருபது பேரிடம் வாங்கிவிடுங்கள். வாங்கும்போது சரிபார்க்க வேண்டியவை: சென்னையாக இருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டும் வேண்டும். அடுக்ககமாக இருந்தால் பிளாக்கும் வீட்டு எண்ணும். கிராமமாக இருந்தால் எந்த அஞ்சல், எந்த வழி, எந்த வட்டம் என்று முழுசாகக் கேளுங்கள். புதூர் என்று மட்டும் எழுதினால் தமிழ்நாட்டில் எத்தனை புதூர்!

போனில் சேமிக்காமல் பேப்பர் நோட்டில் எழுதுங்கள் என்பது என் பிடிவாதம். எக்செல்லில் ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன், இரண்டு மாதம் திறக்கவே இல்லை. நோட்டு மேஜைமேல் கிடந்தால் கண்ணில் படும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்தநாள், அதற்குக் கீழே எந்தத் தேதியில் என்ன கார்டு போட்டேன் என்று ஒரு வரி. இல்லாவிட்டால் ஒரே யானை படத்தை ஒருவருக்கே மூன்று தடவை அனுப்புவீர்கள். நான் அனுப்பியிருக்கிறேன்.

படி 2: கார்டும் எடையும்

சாதாரணத் தபாலில் 20 கிராம் வரை 5 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு 5 ரூபாய். என் கதை கெட்டது இங்கேதான்.

கணக்கு எளிது. நாம் பிரிண்ட் எடுக்கும் சாதாரண 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) ஏ4 தாள் ஒன்று சரியாக 5 கிராம் இருக்கும். நான் பயன்படுத்தியது 300 ஜிஎஸ்எம் அட்டை. முழு ஏ4 அட்டையை இரண்டாக மடித்தால் அது மட்டுமே கிட்டத்தட்ட 19 கிராம். கவர் ஐந்தாறு கிராம், ஜிகினாவும் பசையும் தனி. 20 எங்கே நிற்கும்? அதே அட்டையைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மடித்தால் ஒன்பதரை கிராம்தான். சின்னக் கவரோடு சேர்த்தாலும் 15க்குள் வரும். உள்ளே ஒரு போட்டோ வைக்கக்கூட இடம் உண்டு. அன்றிலிருந்து நான் பாதி அளவைத் தாண்டுவதில்லை. சந்தேகமாக இருந்தால் சமையலறைத் தராசில் வையுங்கள், அல்லது தபால் ஆபீஸ் கவுண்டரில் கொடுத்தால் எடை போட்டுச் சொல்வார்கள்.

கார்டு எங்கே கிடைக்கும்? பொங்கல் நெருங்கினால் பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி, ரஜினி, கமல், கரும்பு, காளை என்று தொங்கவிட்டிருந்த காலம் போய்விட்டது. சென்னைக்காரர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் அட்டையும் கவரும் மொத்தமாக வாங்கலாம். மற்ற ஊர்களில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் கேளுங்கள். மிச்சக் கவர்களைக் கட்டாகத் தருவார்கள்.

இதெல்லாம் அதிகம் என்று தோன்றினால் தபால் கார்டிலேயே ஆரம்பியுங்கள். ஒன்று 50 பைசா. ஒன்றே ஒன்று கேட்டால் சில்லறைப் பிரச்சினை வரும். பத்து ரூபாயை நீட்டி இருபது வாங்குங்கள். தபால்காரர் முதல் எதிர்வீட்டுப் பாட்டி வரை எல்லோரும் படிப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

(கவரை ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதிக் குறைந்த ஸ்டாம்பில் அனுப்பியது பலருக்கு நினைவிருக்கும். நான் இப்போது அந்த வம்புக்குப் போவதில்லை. இன்னொரு அத்தை தண்டம் கட்ட வேண்டாம்.)

படி 3: ஸ்டாம்ப்

ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் ஐம்பது ஒரே தடவையில் வாங்கி வையுங்கள். அழகான ஸ்டாம்ப் வேண்டுமென்றால் அண்ணா சாலை தலைமை அஞ்சலகம் மாதிரிப் பெரிய அஞ்சலகங்களில் தபால்தலை சேகரிப்பவர்களுக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது, அங்கே கேளுங்கள். எச்சில் தொட்டு ஒட்டாதீர்கள், ஐப்பசி மழைக்காலத்தில் உரிந்து வந்துவிடும். கவுண்டரில் இருக்கும் கோந்து டப்பாவில் பாதி நாள் கோந்து காய்ந்திருக்கும். கையில் ஒரு பசைக்குச்சி வைத்துக்கொள்வது உத்தமம்.

படி 4: முகவரி எழுதுவது, முக்கியமாக பின்கோடு

மன்னார்குடி நண்பனின் பிறந்தநாளுக்கு ஒரு கார்டு போட்டேன். ஒரு வாரம், இரண்டு வாரம், வரவில்லை. மூன்றாவது வாரம் அவன் கவரைப் போட்டோ எடுத்து அனுப்பினான். மேலே கோயம்புத்தூர் முத்திரை. "மாப்ள, உன் கார்டு எனக்கு முன்னாடி கோவைக்கு டூர் போயிருக்கு" என்றான். தப்பு என்னுடையதுதான். மன்னார்குடி 614001. நான் எழுதியது 641001. அது கோயம்புத்தூர். ஊர்ப்பெயர் பெரிதாக எழுதியிருந்தும், பிரிக்கிறவர் கண் முதலில் எண்ணுக்குத்தான் போகும்.

1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த ஏற்பாடு இது. ஆறு இலக்கத்தில் முதலாவது மண்டலம். 6 என்றால் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா பக்கம். முதல் மூன்றையும் சேர்த்தால் எந்தப் பகுதிக்குப் பிரிக்க வேண்டும் என்று தெரியும்: 600 சென்னை, 625 மதுரை, 627 திருநெல்வேலி. கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் தபால் ஆபீஸ். இந்த முதல் மூன்றை மட்டும் பழகிக்கொண்டால், எழுதி முடித்ததும் ஒரு பார்வையில் தப்பு தெரிந்துவிடும். சொந்தக்காரர்கள் சொல்லும் பின்கோடை அப்படியே நம்பாதீர்கள், இந்திய அஞ்சல் துறையின் இணையதளத்தில் ஊர்ப்பெயரைத் தட்டிச் சரிபாருங்கள். தங்கள் வீட்டுப் பின்கோடே தெரியாதவர்கள் நிறைய.

பேனா விஷயத்தில் நான் கறார். உள்ளே எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள், கவர்மேல் சாதாரண பால்பாயிண்ட் மட்டும். ஜெல் பேனா எழுத்தில் ஒரு சொட்டு மழை விழுந்தால் பெறுநர் பெயர் கரைந்துவிடும். பின்பக்கம் அனுப்புநர் முகவரி கட்டாயம். அது இருந்தால் சேராத கார்டு உங்களிடமே திரும்பி வர வழி உண்டு.

தமிழ்நாட்டுக்குள் தமிழில் எழுதினால் போதும். வெளிமாநிலம் என்றால் முழு முகவரியையும் ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள்.

படி 5: உள்ளே என்ன எழுதுவது

மூன்று வரி போதும். அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே கையெழுத்து மட்டும் போட்டால் அது பார்வர்டு மெசேஜ் மாதிரிதான். அவரும் நீங்களும் சேர்ந்திருந்த ஒரு சம்பவம், உங்கள் வீட்டுச் செய்தி ஒன்று, ஒரு கேள்வி. அத்தைக்கு நான் எழுதியது: "உங்க வீட்டுத் திண்ணையில நான் விழுந்து பல்லு ஒடைஞ்சது ஞாபகம் இருக்கா? இப்ப என் பையனுக்குப் பல்லு விழுது. கூரை மேல போடுறதுக்கு இங்க கூரை இல்ல, என்ன செய்ய?" ஆரம்பம் வரவில்லையென்றால் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். எனக்கு வந்த பதில் கார்டுகள் இதுவரை மூன்றுதான். மற்றதெல்லாம் போன்.

படி 6: பழக்கமாவது

ஒரு பிஸ்கட் டப்பாவில் நோட்டு, கார்டு, கவர், ஸ்டாம்ப், பசைக்குச்சி, பேனா எல்லாவற்றையும் போட்டு வையுங்கள். பத்துக் கவர்களுக்கு முன்கூட்டியே ஸ்டாம்ப் ஒட்டி, அனுப்புநர் முகவரியும் எழுதி வைத்துவிடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, காபி குடித்த கையோடு நாலு கார்டு. எனக்கு அரைமணி நேரம் ஆகிறது. அதற்கு மேல் இலக்கு வைத்தால் மூன்றாவது மாதம் நின்றுவிடும்.

பெட்டியில் போடுவதற்கு முன் முன்பக்கம் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். துருப்பிடித்துப் பூட்டிக் கிடக்கும் பெட்டிகளும் உண்டு, சந்தேகமிருந்தால் தபால் ஆபீஸ் வாசல் பெட்டியிலேயே போடுங்கள். என் அனுபவத்தில் தமிழ்நாட்டுக்குள் மூன்று முதல் ஐந்து நாள். பொங்கல் வாழ்த்தை ஜனவரி 5க்குள் போட்டுவிடுவேன்.

பின்சேர்க்கை 1: கார்டு சேரவே இல்லை என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூன்றுமே அடுக்ககங்கள். விசாரித்ததில் இரண்டு, கீழ்த்தளத் தபால் பெட்டியில் மின்கட்டண ரசீதுகளோடு கிடந்தன. சாவி தொலைந்து வருஷக்கணக்காம். அடுக்ககத்துக்கு அனுப்பினால் ஐந்து நாள் கழித்து "கீழ பெட்டியைப் பாருங்க" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டணம் வேறு. கவுண்டரில் எடை போட்டு ஒட்டுங்கள். நாட்டின் பெயரைக் கடைசி வரியில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

பின்சேர்க்கை 3: கார்டுக்குள் பொங்கல் படியாக நூறு ரூபாய் நோட்டு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. சாதாரணத் தபாலில் ரூபாய் நோட்டு வைக்க அனுமதி இல்லை. திருநீறு பொட்டலமும் வேண்டாம், நசுங்கிக் கவரெல்லாம் கொட்டிவிடும். படியை ஜிபேயில் போட்டுவிட்டு, போட்டிருக்கிறேன் என்று கார்டில் ஒரு வரி எழுதுங்கள்.